சம்மனசுக்கு நாலு டயர்

வெளியே நிற்கிற அந்தப் பச்சை ஜீப் உங்களுடையதா சார்? அப்படித்தான் நினைத்தேன். இறங்கும்போது பார்த்தேனே. ஒரு காலைக் கீழே விட்டுத் தரை எங்கே என்று தேடினீங்க பாருங்க, பாசி பிடித்த கிணற்றுப் படியில் இறங்குகிறவர் மாதிரி, அப்போதே தெரிந்துபோனது, இது தூக்கிக் கட்டின வண்டி என்று. வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் தேடினேன். இப்போது தரையே என்னைத் தேடி வருகிறது.

உட்காருங்க. மீரான் பஞ்சர் ஒட்டி முடிக்க நேரமாகும். டயரைக் கழற்றினால் முதலில் அதை ஒரு நோட்டம் விடுவான், பிறகு வண்டிக்காரரை ஒரு நோட்டம் விடுவான், பிறகு டீ சொல்லி அனுப்புவான். அதற்கப்புறம்தான் கை வைப்பான். அந்தப் பழைய டயர் மேலேயே உட்காரலாம். கறை வேட்டியில்தான் தெரியும், உங்கள் பேண்ட்டில் தெரியாது.

மதுரையில் தினம் ஆபீஸுக்கு இதில்தான் போய் வருகிறீங்களா? நல்லது. அப்பப்ப மலைக்கும் ஏறணுமா? ரொம்ப நல்லது. அதற்கு எந்த டயர் போடலாம் என்று மீரானிடம் கேட்டுக்கொண்டிருந்தீங்க, காதில் விழுந்தது. அவனிடம் கேட்காதீங்க சார். அவன் டயர் விற்கிறவன். டயருக்கு மேலே உட்கார்ந்து ஆயுசைக் கழித்தவனிடம் கேட்கணும். இந்த வத்தலக்குண்டு கடைத்தெருவிலிருந்து மலை மேலே கடைசி வீடு வரைக்கும், டயர் விஷயத்தில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதை நானே சொல்லக்கூடாதுதான். வேறு யாரும் சொல்வதாகக் காணோம், அதனால் சொல்கிறேன்.

என் பேர் இன்னாசி. மேலே மூங்கில்பள்ளத்தில் கொஞ்சம் காப்பி, கொஞ்சம் மிளகு, மலைவாழை. அதோ புளியமரத்தடியில் நிற்கிறதே வெள்ளை ஜீப், அதுதான் நம்முடையது. பானெட்டில் என்ன எழுதியிருக்கிறது, படிங்க. ஆமாம், சம்மனசு. வேதக்காரர்கள் தேவதூதனை அப்படித்தான் சொல்வோம். இரண்டு பக்கமும் சிறகு வரையச் சொன்னேன், பெயின்டர் கோழிச் சிறகாக வரைந்துவிட்டான். பரவாயில்லை, பறக்கிறதென்னவோ சம்மனசு மாதிரிதான்.

சும்மா வீட்டில் நிற்கிற வண்டி என்று நினைக்காதீங்க. காலையில் பால் கேன், அப்புறம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், மத்தியானம் வாழைத்தார், சாயங்காலம் யாருக்காவது வயிற்றுவலி என்றால் அவர்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு என் வீட்டுக்காரி பிலோமினா. முன் சீட்டு அவளுடையது. கல்யாணமானதிலிருந்து அந்த சீட்டில் வேறு யாரையும் உட்கார விட்டதில்லை. ஒரு தடவை ஆட்டுக்குட்டியை வைத்தேன், அதற்கே அவள் பேசவில்லை.

ஆனால் சம்மனசுக்குப் பெருமை இதெல்லாம் இல்லை. ஜூன் மாதம் அந்தோணியார் திருவிழா. கீழ்க்கோயிலிலிருந்து அந்தோணியார் கிளம்பி, ஊர் வழியாக, மலை உச்சியில் இருக்கிற குருசடிக்குப் போவார். குருசடி என்றால் சின்னக் கோயில், சிலுவை வைத்தது. அவர் போவது என் ஜீப்பில். எங்கள் அப்பா காலத்தில் தோளில் போனார். ஜீப் வந்த நாளிலிருந்து ஜீப்பில்தான். ஓட்டுவது நான், வேறு யாரும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

அதில் ஒரு முறை இருக்கிறது சார். ஏறின அந்தோணியார் இறங்கக்கூடாது. குருசடி வாசலில்தான் இறங்கணும். எங்கள் தாத்தா காலத்தில் தூக்கினவர்கள் தண்ணீர் குடிக்க நடுவழியில் இறக்கி வைத்துவிட்டார்களாம். திரும்பத் தூக்கினால் அசையவில்லை. ஊரே சேர்ந்து தூக்கினது, அசையவில்லை. எங்கள் தாத்தா போய்க் காதில் ஏதோ சொன்ன பிறகுதான் எழுந்தார். என்ன சொன்னார் என்று கேட்காதீங்க, அது எங்கள் குடும்பத்துக்குள் இருக்கிற விஷயம். எனக்கும் தெரியாது. அந்த வருஷம் காப்பி பூக்கவே இல்லை.

இப்படி இருக்கிற இடத்தில், போன வருஷத்துக்கு முந்தின திருவிழாவில் என்ன ஆகிப்போனது என்றால், குருசடிக்குக் கீழே கடைசியாக ஒரு செம்மண் ஏற்றம் இருக்கிறது, வழுக்கேற்றம் என்று பேர், நல்ல மழை, அங்கே போய் சம்மனசு பின்னால் சறுக்கி, ஓரத்து மேட்டில் இடுப்பைச் சாய்த்து நின்றுவிட்டது. அடியில், பின் அச்சு நடுவில் தொங்குகிற கிரவுன் பெட்டி பாறையில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அந்தோணியாரை இறக்கித் தோளில் கொண்டுபோனார்கள்.

அந்த வருஷம் மிளகுக்கொடி வாடிப்போனது. ஊர் முழுக்க என் டயரைத்தான் சொன்னது. மிளகுக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீங்களா, நானும் அதைத்தான் கேட்டேன்.

பிலோமினாவுக்கு ஒரு தம்பி, பர்னபாஸ். எனக்கு மாப்பிள்ளை முறை. பிக்கப் வண்டி ஒன்று வைத்திருக்கிறான், முகம் பார்க்கிற மாதிரித் துடைத்து வைப்பான். அவன் நேரே சாமியிடம் போய்விட்டான். ஜெரோம் சாமி, எங்கள் கோயில் பாதிரியார், புதுசாக வந்தவர், தஞ்சாவூர்ப் பக்கம். தட்டையான ஊர்க்காரர், ஏற்றம் இறக்கம் தெரியாது. என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: "பெரியவரே, இந்த வருஷமும் உங்க ஜீப்புதான். ஆனா இந்தத் தடவையும் அந்தோணியாரை நடுவழியில இறக்கிட்டா, அடுத்த வருஷத்திலேருந்து பர்னபாஸ் வண்டி. இது என் முடிவு."

தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்தேன். பேசினால் அழுதுவிடுவேன் போல இருந்தது. ஜலதோஷம்.

அன்றைக்கே முடிவு செய்தேன், வண்டியைத் தூக்குவது என்று. பாறையில் மாட்டினது கிரவுன் பெட்டிதானே? திண்டுக்கல் பட்டறையில் விட்டேன், பட்டறைக்காரன் ஸ்பிரிங்கில் பட்டை சொருகி, கட்டை கொடுத்து, ஒரு வாரத்தில் தூக்கிக் கட்டிக் கொடுத்தான். என்ன உயரம் என்கிறீங்க. வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன், அடியில் கோழி குஞ்சுகளோடு நடந்து போகிறது, தலை குனியவில்லை. கோழியை விடுங்க, கன்றுக்குட்டியே போனது. உள்ளே உட்கார்ந்தால் கீழே வெயில், மேலே எனக்கு மட்டும் மேகம்.

பிலோமினா வெளியே வந்தாள். சுற்றிப் பார்த்தாள்.

"ஏறுறது எப்படி?"

"காலைத் தூக்கி வை."

"எந்தக் காலை? மூட்டு வலிக்கிற காலையா, ரொம்ப வலிக்கிற காலையா?"

மறுநாள் ஒரு முக்காலியைக் கொண்டுவந்தாள், கயிறு கட்டி. முக்காலி மேல் ஏறி, அங்கிருந்து சீட்டுக்கு ஏறி, கயிற்றைப் பிடித்து முக்காலியை மேலே இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள். கோயில் வாசலில் திரும்ப இறக்கி விடுவாள். எங்கள் ஊர் ஆட்கள் பூசைக்கு முன்னால் வந்து இதைப் பார்க்க நிற்பார்கள். எனக்கு அதில் பெருமைதான். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்திருக்கும், முகத்தை அப்படி இறுக்கமாக வைத்துக்கொள்வாள்.

இனி டயர். அதற்காகத்தான் இந்தக் கடைக்கு வந்தேன். மீரான் மூன்று டயரை உருட்டி வந்து அந்தச் சுவரில் சாய்த்தான். முதலாவது கோடு டயர். நீளவாக்கில் கோடு கோடாக, எழுதப் போகிற சிலேட்டு மாதிரி. தார் ரோட்டில் சத்தமே வராது, சேற்றைக் கண்டால் உட்கார்ந்துவிடும். கடைசியில் இருந்தது பட்டன் டயர். சார், ஒவ்வொரு பட்டனும் வெல்லக்கட்டி அளவு. பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவில் கையை விடலாம். நடுவில் இருந்தது ரெண்டுங்கெட்டான். கொஞ்சம் கட்டம், கொஞ்சம் கோடு.

மீரான் நடுவில் இருந்ததைத் தட்டினான். "அண்ணே, தினம் தார் ரோட்டுல ஓடுற வண்டி. என்னைக்காவது ஒரு நாள் சேறு. இதைப் போடுங்க. சத்தம் இருக்காது, ஸ்டியரிங் இழுக்காது, தேயவும் தேயாது. சேத்துல ஏறும்போது காத்தைக் கொஞ்சம் இறக்கிக்கிட்டீங்கன்னா, டயர் பரந்து உக்காந்து பிடிச்சுக்கும். மேல போய்த் திரும்பக் காத்து அடிச்சுக்கலாம்."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. "மீரான், மலை ஏறுறவன் நெஞ்சை நிமித்திக்கிட்டு ஏறுவானா, சோறு திங்காம சப்பிப் போய் ஏறுவானா? காத்தை இறக்குறதாம். கல்லு மாதிரி இருக்கணும்ய்யா டயரு. தட்டினா கோயில் மணி கேக்கணும்."

"அது பாரம் ஏத்துறதுக்கு அண்ணே. இது சேறு."

"நீ வத்தலக்குண்டுல உக்காந்துக்கிட்டு எனக்குச் சேறு சொல்றியா?"

அன்றைக்கு பிலோமினாவும் கூட வந்திருந்தாள். இப்போது நீங்க உட்கார்ந்திருக்கிற அதே டயர் மேல்தான் உட்கார்ந்து வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசினது ஒன்றும் அவளுக்குப் புரிந்திருக்காது. பொழுது போகணுமே என்று மீரானிடம் என்னவோ கேட்டாள். நடுவில் இருக்கிறதைப் போட்டால் ஏறுவதற்குத் தாழ்வாக இருக்குமா என்றாள். ரெண்டு விரல் தாழ்வாக இருக்கும் அம்மா என்றான். அந்தக் காற்றுக் குழாய் மூடிக்குள்ளே என்ன தம்பி ஊசி மாதிரி நிற்கிறது என்றாள். அவனும் பொறுமையாக மூடியைத் திருகிக் காட்டி, இதை அழுத்தினால் காற்று வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். பெண்பிள்ளைகளுக்கு அதெல்லாம் எதற்கு. நான் பட்டன் டயரே போடச் சொல்லிவிட்டேன். அதிலும் ஒரு சைஸ் பெரிசு.

போட்டபிறகு பாருங்க, திருப்பத்தில் டயர் மட்கார்டைத் தின்ன ஆரம்பித்தது. மட்கார்டை வெட்டிவிட்டேன். மீட்டர் ஒரு வேகம் காட்டும், வண்டி வேறு வேகத்தில் போகும். மீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். சத்தம்தான் கொஞ்சம். கொஞ்சம் என்றால், நான் அடிவாரத்தில் கிளம்பினால் மேலே எங்கள் ஊரில் உலை வைப்பார்கள், நான் போய்ச் சேரும்போது சோறு பதமாக இருக்கும். ஊம்ம்ம் என்று ஒரே சுருதி. பிலோமினா முன் சீட்டில் ஜெபமாலை சொல்லிக்கொண்டு வருவாள். பாதியை அவள் சொன்னால் மீதியை டயர் சொல்லும்.

நம்ப மாட்டீங்க, ஒரு நாள் சாயங்காலம் சோலை ஓரமாக வருகிறேன், டயர் ஊம்ம்ம் என்கிறது. காட்டுக்குள்ளேயிருந்தும் ஊம்ம்ம். நிறுத்தினேன், அதுவும் நின்றது. எடுத்தேன், அதுவும் எடுத்தது. பார்த்தால் ஒரு காட்டுமாடு, பசு, நல்ல வயசு. ரோட்டுக்கு வந்து சம்மனசைப் பார்த்துக் கண்ணை இமைக்காமல் நிற்கிறது. அப்படி ஒரு பார்வையை நான் என் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அதிலிருந்து அந்த இடம் வந்தால் காத்திருக்கும். வீடு வரை வந்து வேலிக்கு வெளியே நின்று பெருமூச்சு விட்டிருக்கிறது. பாரஸ்ட்டுக்காரர் வந்து, யோவ் இன்னாசி, அதன் மனசைக் கெடுக்காதே என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

இன்னொன்று. பட்டன் இடுக்கில் பலாக்கொட்டை ஒன்று மாட்டிக்கொண்டு, நான் கவனிக்கவில்லை, மழை வேறு, அது முளைத்துவிட்டது. ரெண்டு இலை விட்டபிறகுதான் பார்த்தேன். பிடுங்க மனசு வரவில்லை. கொஞ்ச நாள் சுற்றிக்கொண்டே வளர்ந்தது. இப்போது வீட்டுக்குப் பின்னால் நட்டிருக்கிறேன். மற்ற மரம் நேராக வளரும், இது முறுக்கிக்கொண்டு வளர்கிறது.

மீரான் அங்கே சிரிக்கிறான், அவனைக் கவனிக்காதீங்க.

வருத்தம் என்னவென்றால், மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிலோமினா முக்காலியோடு வாசலுக்கு வந்தவள், ஜீப்பைப் பார்த்தாள், முக்காலியைக் கீழே போட்டாள், அதன் மேலேயே உட்கார்ந்தாள். "நான் தம்பி வண்டியில போறேன்," என்றாள். பர்னபாஸ் பிக்கப் தாழ்வு, ஒரு எட்டு வைத்தால் உள்ளே. அவனும் அக்காளுக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். ஒரு மாதம் என் முன் சீட்டு காலியாகத்தான் போனது. சத்தம் பிடிக்காமல் போய்விட்டாள் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்.

போன வருஷத் திருவிழா வந்தது. நல்ல மழைக்காலம், காலையில் மட்டும் வெறித்திருந்தது. சம்மனசைக் கழுவி, பூ கட்டி, டயருக்குக் கல் மாதிரிக் காற்று அடித்து, தட்டிப் பார்த்தேன். மணி கேட்டது. அந்தோணியாரைப் பின்னால் பீடத்தில் ஏற்றி நிறுத்தினார்கள். கையில் குழந்தை இயேசு, தலைக்கு மேலே சின்ன வளையம். பேண்டு செட் முன்னால், சாமி குடைக்குக் கீழே நடுவில், ஊர் பின்னால். அதற்கும் பின்னால் என்ன என்று கண்ணாடியில் பார்த்தேன். பர்னபாஸின் பிக்கப். கழுவி, மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி வருகிறது.

"அது எதுக்கு மாப்ள?" என்றேன்.

"சும்மா மச்சான். எதுக்கும் இருக்கட்டுமேன்னு."

ஊர் எல்லையில் ஒரு வளைவு இருக்கிறது சார், சிமென்ட் வளைவு. மூங்கில்பள்ளம் உங்களை அன்புடன் வரவேற்கிறது என்று ஒரு வரி, அதற்குக் கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் உபயம் ம. பர்னபாஸ் குடும்பத்தார். அவன் கட்டினது. கட்டும்போதே என் ஜீப்பை நிறுத்தி, அதன் மேல் அந்தோணியார் நின்றால் எவ்வளவு என்று அளந்து, அதற்கு மேல் ஒரு சாண் விட்டுக் கட்டினான். அந்த ஜீப் பழைய ஜீப். இடையில் நான் தூக்கினேன், டயர் மாற்றினேன். தினம் அதற்குக் கீழேதான் போய் வருகிறேன், எங்கே இடித்தது. அந்தோணியார் வருஷத்தில் ஒரு நாள்தானே வருகிறார். அவர் உயரம் யாருக்கு ஞாபகம் வரும். எனக்கும் வரவில்லை, சாமிக்கும் வரவில்லை, ஊரில் ஒருத்தருக்கும் வரவில்லை.

சாமிக்குக் குடை பிடித்தவன் கத்தினான். பிரேக் போட்டேன். இறங்கிப் பார்த்தால், அந்தோணியார் நெற்றிக்கு நேராக உபயம் என்கிற எழுத்து. நாலு விரல் இடிக்கிறது.

பேண்டு நின்றது. ஆளாளுக்கு யோசனை. பீடத்தோடு சாய்க்கலாம் என்றான் ஒருத்தன். படுக்க வைத்துக் கொண்டுபோகலாம் என்றான் இன்னொருத்தன். "அவர் என்ன ஆஸ்பத்திரிக்கா போறாரு?" என்று கிழவிகள் சண்டைக்கு வந்தார்கள். சுற்றிக்கொண்டு போக வேறு பாதை கிடையாது. நான் கடப்பாரை எடுத்தேன்.

"எதுக்கு மச்சான் அது?"

"உபயம் வரைக்கும் எடுத்தாப் போதும் மாப்ள. வரவேற்கிறது அப்படியே இருக்கட்டும்."

பர்னபாஸ் வளைவுக்கு நடுவில் போய் இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டான். "என் அப்பன் பேரு போட்டிருக்கு. என்னை இடிச்சுட்டு இதை இடிங்க." அப்புறம் குரலைத் தாழ்த்தி சாமியிடம் சொன்னான்: "எதுக்கு சாமி வம்பு. என் வண்டி தாழ்வு. இதுலேருந்து அதுக்கு மாத்திட்டாப் போச்சு. இறக்குறது இல்ல பாருங்க, மாத்துறது. தரையில காலே படாது."

சாமி என்னைப் பார்த்தார். வளைவைப் பார்த்தார். மலை மேலே மேகம் இறங்குவதைப் பார்த்தார். "மாத்துறதுன்னா," என்று ஆரம்பித்தார். சார், நான் கடப்பாரையைக் கீழே போட்டேன். பம்பர் மேல் உட்கார்ந்துவிட்டேன். என் அப்பா தோளில் சுமந்தது, நான் சக்கரத்தில் சுமந்தது, எல்லாம் அந்த நாலு விரலில் போகிறது. பிக்கப்பின் பின்கதவை இறக்குகிற சத்தம் கேட்டது.

அப்போதுதான் பிலோமினா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மூட்டு வலிக்காரி, மெல்ல முன் சக்கரத்துப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சரி, முழங்கால் போட்டு அந்தோணியாரிடம் வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்து நானும் சிலுவை போட்டுக்கொண்டேன். கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். உஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம்.

"ஏய், என்ன பண்றே?"

"கையக் கால வச்சுக்கிட்டு சும்மா இருங்க," என்றாள். "டேய் பர்னபாசு, மரம் மாதிரி நிக்காத. அந்தப் பக்கத்துச் சக்கரத்துல மூடியைத் திருகு."

"அக்கா, நானா?"

"பின்னே, அந்தோணியாரையா இறங்கித் திருகச் சொல்றே?"

அக்காள் சொல்லை அவன் தட்டினதில்லை. என் கண்ணெதிரே என் பட்டன் டயர்கள் சோறு திங்காதவன் மாதிரிச் சப்பிப் போயின. ஆனால் சார், அங்கே நடந்தது காற்றில்லை. மேலே பார்த்தேன். அந்தோணியார் மெதுவாக, ரொம்ப மெதுவாக, தலை குனிந்தார். ஊரே பார்த்தது. கிழவிகள் முழங்கால் போட்டார்கள். என் வருத்தத்தைப் பார்த்துவிட்டு, இன்னாசிக்காக இந்த ஒரு தடவை குனிகிறேன் என்று குனிந்தார். ஊசி, டயர் எல்லாம் ஒரு சாக்கு. வளைவுக்குக் கீழே ஒரு நூல் இடைவெளியில் போனோம். வளையம் லேசாக உரசி, உபயத்தில் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

அன்றைக்கு இரண்டாவது புதுமையும் நடந்தது. அற்புதத்தை நாங்கள் புதுமை என்போம். வளைவு தாண்டினதும் பிலோமினா முன்கதவைத் திறந்தாள். முக்காலி இல்லை, ஒன்றுமில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்தாள், ஏறி உட்கார்ந்துவிட்டாள். மூட்டு வலி போன இடம் தெரியவில்லை. எனக்குக் கண் கலங்கிப்போனது. "என்ன பிலோமி, அந்தோணியார் குணமாக்கிட்டாரா?" என்றேன். "ஆமா, வண்டியை எடுங்க," என்றாள்.

காற்று அடிக்க அங்கே பம்பு ஏது. அப்படியே வழுக்கேற்றத்துக்குப் போனோம். மேலே போய் மழையும் பிடித்துக்கொண்டது. செம்மண் குழம்பு. பர்னபாஸ் பின்னாலேயே நடந்து வருகிறான், எங்கே சறுக்கும் என்று பார்த்துக்கொண்டு. முதல் கியர் போட்டேன். சார், சுவரில் பல்லி ஏறுவதைப் பார்த்திருப்பீங்களே, அப்படி. சறுக்கல் இல்லை, ஆட்டம் இல்லை. டயர் பப்படம் மாதிரிப் பரந்து மண்ணைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. ஜன்னல் பக்கம் பிலோமினா ஜெபமாலை உருட்டுகிறாள், ஒரு மணி தவறவில்லை. குருசடி வாசலில் போய் நிறுத்தினேன். அந்தோணியார் இறங்கினார். சாமி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மலையில் மணி அடித்தார்கள். ஜலதோஷம் எனக்கு அன்றைக்கும் இருந்தது.

இப்போது தெரிகிறதா சார், எந்த டயர் என்று? பட்டன். அந்தப் பட்டன் இல்லாவிட்டால் ஏறியிருக்குமா? சப்பிப் போய், உயிரில்லாமல் கிடந்த நிலையிலும் பட்டன் ஏற்றிவிட்டது என்றால், கல் மாதிரிக் காற்று இருந்திருந்தால் குருசடியைத் தாண்டி மோட்சத்துக்கே போயிருக்கும். பர்னபாஸ் மட்டும், "காத்து இறக்கினதுதான் மச்சான் ஏத்திச்சு," என்று அன்றைக்குச் சொன்னான். பொறாமை. மீரானும் அதையே சொல்கிறான். அவனிடம் அந்த நடு டயர் விற்காமல் கிடக்கிறது, அதனால்.

சரி, உள்ளதைச் சொல்லணும். திருவிழா முடிந்து மறுவாரம், பழையபடி நல்லாக் காற்று அடித்து, மணி கேட்டுப் பார்த்து, குருசடிக்குப் பெயின்ட் டப்பா ஏற்றிக்கொண்டு அதே வழுக்கேற்றத்தில் போனேன். பாதியில் பின்னால் வந்து அதே மேட்டில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டது. ஏன் என்கிறீங்க? அந்தோணியார் இல்லை, அதனால் பாரம் போதவில்லை. பெயின்ட் டப்பா எப்படி அந்தோணியார் ஆகும். பிலோமினா மூட்டுவலியும் அன்றைக்கே திரும்ப வந்துவிட்டது. முக்காலியைத் தேடி எடுத்து வைத்திருக்கிறாள். புதுமை என்றால் அப்படித்தான், திருவிழாவோடு சரி.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது, பட்டன் போடுங்க. இருப்பதிலேயே பெரிசு. காற்றைக் கல் மாதிரி வைங்க. ஆபீஸில் சத்தம் என்று யாராவது சொன்னால், காட்டுமாட்டுக்கே பிடித்த சத்தம் என்று சொல்லுங்க.

நானும் அதற்குத்தான் வந்திருக்கிறேன். நாளைக்கழித்துத் திருவிழா. இந்த வருஷம் இன்னும் ஒரு சைஸ் பெரிசு. வளைவைப் பற்றிக் கவலை இல்லை. பர்னபாஸ் அவனாகவே கொத்தனாரைக் கூட்டிவந்து, இடித்து, ஒரு முழம் உயர்த்திக் கட்டிவிட்டான். "மச்சான், உங்க டயருக்காகத்தான் ஒசத்தியிருக்கேன். இனிமே யாரும் காத்தை இறக்க வேண்டியதில்ல. நல்லாக் கல்லு மாதிரி வச்சுக்கிட்டு வாங்க," என்று வாய் நிறையச் சொன்னான். பிக்கப்பையும் இப்போதிருந்தே துடைத்து வைத்திருக்கிறான், துணைக்கு வருவதற்கு. மனுஷன் திருந்திவிட்டான் சார். உபயம் என்று பேர் போட்டதற்காக அவன் மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது.

பிலோமினாவிடமும் இதைச் சொன்னேன். உன் தம்பி எவ்வளவு நல்லவன் பார் என்றேன். அவள் வெற்றிலையை மென்றுகொண்டே கொஞ்ச நேரம் அந்த வளைவுப் பக்கம் பார்த்தாள். காலையில் நான் கிளம்பும்போது மட்டும், "கடைத்தெருவுக்குத்தானே போறீங்க, கொண்டை ஊசி ஒரு அட்டை வாங்கிட்டு வாங்க. நல்லாக் கெட்டியா, வளையாததாப் பாத்து வாங்குங்க," என்றாள்.

அவள் கொண்டையே எலுமிச்சம்பழம் அளவு. அதற்கு ஒரு அட்டை ஊசி எதற்கு? கேட்டால் சிரிக்கிறாள். வயதான காலத்தில் அலங்காரம் பண்ணிக்கொள்ள ஆசை வந்திருக்கிறது, பண்ணிக்கொள்ளட்டுமே என்று வாங்கிவிட்டேன். இதோ, பையில்தான் இருக்கிறது. நீங்களும் ஒரு தடவை வளைத்துப் பாருங்க சார். கெட்டிதானே?